கூலிப் பட்டியலின் கடைசிப் பக்கம்

பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பி.காம். மாணவிகள். ஒருத்தி இன்டர்ன்ஷிப்பை முடித்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்புகிறாள்.

“ஆடிட்டர் ஆபீஸ்ல என்னடி கத்துக்கிட்டே?” என்று தோழி கேட்டாள்.

“கான்ட்ராக்டரோட கூலிப் பட்டியல்ல ஆளுங்களுக்குப் பதிலா கையெழுத்து போட. ஆளுக்கு ஆள் பேனாவை மாத்தணும்.”

“அடிப்பாவி! தப்பில்லையா?”

“எல்லா எடத்துலயும் இப்படித்தான்னாங்க. பேரைக்கூடப் பாக்காம போட்டுட்டே வந்தேன். கடைசிப் பக்கத்துல எங்கப்பா பேரு. ஊரு, தாத்தா பேரு எல்லாம் சரியா இருக்கு.”

“உங்கப்பா தவறி ரெண்டு வருசமாச்சேடி!”

“போன மாசம் ஒருநாள்கூட லீவு போடாம வேலைக்கு வந்திருக்காரு.”

பாப்பாரப்பட்டி தாண்டியதும் தோழி மெதுவாகக் கேட்டாள்.

“அதுலயுமா போட்டே?”

“அப்பாவுக்கு ஏதுடி கையெழுத்து? கைநாட்டுதான். என் கட்டைவெரலை வெச்சேன்.”