கச்சானுக்குக் கட்டிய நீலத் துணி

என் குறிப்பேட்டில் "வைகாசி முதல் வெள்ளி, காலை எட்டே கால், வாழைச்சேனையிலிருந்து வாகரை பஸ், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசுகிறது" என்று இருக்கிறது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மூத்தவளிடம் சொன்னாள்:

"மச்சாள், உங்கட தம்பி நேற்று எங்கட முற்றத்தைக் கடலுக்கு அனுப்பப் பாத்தார்."

"என்னகா சொல்றாய்?"

"ஞாயிறு சேர்ச்சில மகள்ர முதல் நன்மைக்கு நாப்பது பேர் சாப்பிட வருவாங்க, வளவில நிழலுக்கு ஒரு மரமில்ல எண்டு நாலு கம்பு நட்டு நீலத் துணி கட்டினார். தோணிக்குப் பாய் கட்டுற மாதிரி, கச்சானுக்கு நேரா."

"காத்துப் பிடிச்சிருக்குமே!"

"ரெண்டு கம்பைப் பிடுங்கிக்கொண்டு கோழிக்கூட்டுக்கு மேல விழுந்துது. இவர் பாத்துப்போட்டு, 'நல்ல பாய்' எண்டார்."

மச்சாள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு தரிப்பிடம் போய்விட்டது.

"மேற்குப் பக்கத்தைத் தாழக் கட்டச் சொல்லு. காத்து மேலால போயிரும்."

"நான் சொன்னாக் கேப்பாரா?"

"பந்தல் எண்டு சொல்லாத. 'காத்துக் கூடிற்று, பாயை இறக்குங்க' எண்டு சொல்லு. தோணிக்காரன் அதைக் கேப்பான்."

இருவரும் பனிச்சங்கேணியில் இறங்கினார்கள்.

திங்கட்கிழமை அதே பஸ்ஸில் போனேன். அவர்கள் இறங்கிய தரிப்பிடத்துக்கு அருகே ஒரு வளவில், நான்கு கம்புகளில் ஒரு நீலத் துணி மேற்கே தாழ்ந்து நின்றது. கீழே பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கப்பட்டிருந்தன. உச்சிக் கதிரையில் ஒரு கோழி நிழலில் இருந்தது. அது அவர்களுடைய வளவுதானா என்பதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை.