மடக்குக் கத்தியின் பூட்டு

கத்தியைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. மரம் செதுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்குவதற்கு அது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம், மேடம். எனக்கு எதையும் அவசரமாகச் செய்து பழக்கமில்லை.

முதலில் அந்தக் கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நேற்றிலிருந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பழுதான கத்தியை விற்றார் என்று அவர்மேல் புகார் இருக்கிறதாம். நான் வாங்கியது நல்ல கத்தி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அக்காதான் கேட்டாள். ஒரு மரச்சிற்பப் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கடல் தாண்டிப் போக வேண்டும். உளிகளைப் பெட்டியில் போட்டு முன்னாலேயே அனுப்பிவிட்டாள். ஆனால் அவள் கை சும்மா இருக்காது.

"ஒரு மடக்குக் கத்தி வாங்கிட்டு வாடி. சயின்ஸ் படிச்சது அதுக்காவது உபயோகப்படட்டும்."

பக்கத்தில் இருந்த தோழி சிரித்தாள். என்னை அவளுக்கு அறிமுகப்படுத்தியபோது அக்கா சொன்னது இதுதான்: "என் தங்கச்சி. பேசாது. தண்ணி ஊத்தினா வளரும்."

நானும் சிரித்தேன்.

கத்தியின் அலகு உள்ளங்கையைவிட நீளமாக இருக்கக் கூடாது. இருந்தால் நுனி கைக்கு அடங்காது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் கார்பன் ஸ்டீலைத் தீட்டுவது சுலபம். கைப்பிடி உருண்டையாக இருந்தால் கை கடுக்காது. அக்காவின் பழைய கையுறை ஒன்றை அளவுக்கு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு கத்தியாக எடுத்துப் போட்டார்.

"பூட்டு இருக்கறதா பாத்து எடும்மா," என்றார். "சீவும்போது ஒண்ணும் ஆகாது. நுனியால குத்தும்போதுதான் மடங்கும். மடங்கினா விரல்லதான் வந்து நிக்கும்."

பூட்டு உள்ளதையே எடுத்தேன். கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். கத்தியைத் திறந்ததும் அது அலகின் அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். எளிமையான ஏற்பாடு.

அக்கா வேலை செய்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எந்தப் பறவையைச் செதுக்கினாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பாள். மற்றவர்கள் அதற்குத் துளையூசி எடுப்பார்கள். இவள் கத்தி நுனியை ஊன்றி, உடம்பின் பாரத்தைப் போட்டுத் திருகுவாள். அப்போது விரல்கள் அலகு மடங்கி வரும் பக்கத்தில் இருக்கும். அந்தக் கண்களைப் பார்த்துத்தான் பட்டறைக்காரர்கள் அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

தகட்டின் முனையை நான் அரத்தால் ராவினேன். ஒரு தலைமுடி அளவுதான். பிறகு தடம் தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். உங்கள் ஆட்கள் அதைத் தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

காரணம் கோபம் என்று போடாதீர்கள். எனக்குக் கோபம் வராது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை. அவளும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆனாலும் கூப்பிடுவாள். தவிர, முன்கோபக்காரி. அந்நிய ஊரில் அவளை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

மூன்று விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர். இப்போது பொத்தான் போடுவது, தலை வாருவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒரு வாரமாக அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சீக்கிரம் எழுதி முடித்தீர்களானால் நல்லது. மதிய மாத்திரையை அவளால் தனியாகப் பிரிக்க முடியாது.

நான் செய்தது அந்தத் தகட்டோடு சரி. மீதியைச் செய்தது அவள் கைப்பழக்கம். சீவுவதோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கத்தி இருபது வருடம் உழைத்திருக்கும்.

அவளுக்கு அடிபட்டபோது நான் அறையில் இருந்தேனா என்று கேட்டீர்கள். இருந்தேன். எதிரில் உட்கார்ந்து மரச்சீவல்களை அள்ளிக்கொண்டிருந்தேன். புதுக் கத்தி என்பதால் அவள் லேசாகத்தான் குத்தினாள். கத்தி மடங்கவில்லை. கையிலிருந்த பறவையை என் பக்கம் நீட்டி, "கண்ணு போதுமாடி?" என்று கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

"ஆழம் பத்தலக்கா," என்றேன். "நல்லா அழுத்து."