கழுத்துல ஏது அவ்வளவு பிரஷர்?

– பொருந்தலைன்னா பொருந்தலை, அவ்வளவுதான் பாப்பா. வியாழக்கிழமை டெஸ்ட் கொடுத்தேன். நேத்து டாக்டர் கூப்பிட்டு, உங்க கிட்னி உங்க தங்கச்சிக்கு ஆகாதுன்னு சொல்லிட்டார். அதையே நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதே. வேற பேசுவோம். ஒரு படம் பார்த்தேன், கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பே.

– சிரிக்க வை பார்ப்போம். இந்த டயாலிசிஸ் மிஷின் என்னை விடறதுக்கு இன்னும் ரெண்டேகால் மணி நேரம் இருக்கு.

– ரத்தக்காட்டேரி படம்.

– நீயா? ராத்திரி பாத்ரூம் போகவே என்னை எழுப்பித் துணைக்குக் கூட்டிட்டுப் போனவனாச்சே நீ.

– பேய்ப்படம்னா பயம் வரணும் இல்ல? இது சண்டைப்படம். காட்டேரிங்க எல்லாம் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கராத்தே போடுதுங்க. அதுல தலைவன் ஒருத்தன், முந்நூறு வருஷமா உயிரோட இருக்கானாம். முந்நூறு வருஷத்துல ஒரு துப்பாக்கியை நேராப் பிடிக்கக் கத்துக்கலை, வெங்காயம். நாப்பது குண்டு சுடறான், ஹீரோ மேல ஒண்ணு படலை. பின்னாடி கண்ணாடிதான் உடையுது.

– ஹீரோ யாரு?

– ஆம்புலன்ஸ் டிரைவர். ஆனா ஒரு நோயாளியைக் கூட ஆஸ்பத்திரியில சேர்க்கலை. வண்டியை எடுத்தா காட்டேரி மேலதான் ஏத்தறான். சரி, அதைக் கூட விடு. ரத்தம் வருது பாரு, அதைத்தான் தாங்க முடியலை. ஒருத்தன் கழுத்தைக் கடிச்சா, மேல் கூரை வரைக்கும் பீச்சி அடிக்குது. இருபத்தாறு வருஷமா குழாய் மாட்டறவன் நான். மாடி மேல டேங்க் வச்சு, முக்கால் இஞ்ச் லைன் உடைஞ்சா கூட அந்த உயரம் வராது. ஒரு மனுஷன் கழுத்துல ஏது அவ்வளவு பிரஷர்?

– எனக்கு இருக்கு. போன வாரம் நூத்தி எண்பது.

– சும்மா இரு. நான் தியேட்டர்லயே சத்தம் போட்டுச் சொல்லிட்டேன், ‘டேய், எவனாவது வால்வை மூடுங்கடா’ன்னு. முன்னாடி உட்கார்ந்திருந்தவர் திரும்பி முறைச்சார். மொத்தமே பதினோரு பேர். அதுல மூணு பேர் தூங்கறாங்க.

– மேடம், பேப்பர் திருத்தறதைக் கொஞ்சம் நிறுத்துங்க, பிரஷர் பார்க்கணும். ஊசி போட்ட கையை அசைக்காதீங்க. எந்தப் படம் சார், அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் படமா? அய்யோ, அது நல்ல படம் சார்!

– நல்ல படமா? நர்சம்மா, நீங்க தினமும் ரத்தத்தோட வேலை பார்க்கறவங்க. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?

– சண்டையெல்லாம் எனக்கும் பிடிக்கலை சார். ஆனா காட்டேரி கடிச்சு ஹீரோவோட தம்பி சாகக் கிடக்கும்போது, அண்ணன்காரன் ஒரு வார்த்தை பேசாம தன் மணிக்கட்டைக் கிழிச்சு வாயில வைப்பானே. அந்த சீன்ல நான் கர்ச்சீப்பைப் பிழிஞ்சேன்.

– எனக்கு அங்கதான் எழுந்து போயிடலாம்னு இருந்தது.

– ஏன் சார்?

– பின்ன என்னங்க? ஒரு யோசனை வேண்டாமா? தம்பி கேட்கக்கூட இல்லை, இவன் பாட்டுக்குக் கையை நீட்டறான். காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? நிஜத்துல எவனாவது அப்படிச் செய்வானா? அவனுக்கு நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம்? படியேற வேண்டாம்? எடை தூக்க வேண்டாம்?

– அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க உண்டா அண்ணா, படத்துல?

– கிடையாது. அதை வசதியா விட்டுட்டாங்க. ஒண்டிக்கட்டைக்கு என்ன, எதை வேணும்னாலும் அறுத்துக் கொடுப்பான். கதை எழுதினவன் ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதியிருப்பான்.

– சார் ரொம்பக் கோபப்படறார் மேடம். படம்தானே சார். அது கூட இப்ப ஓடலை, போன வியாழக்கிழமையோட எடுத்துட்டாங்க. எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போகலாம்னு வெள்ளிக்கிழமை போனேன், வேற படம் போட்டிருந்தாங்க. மேடம், நூத்தி அறுபது. பரவாயில்லை. அந்தப் பக்கம் மிஷின் கூப்பிடுது, வந்துடறேன்.

– அப்போ நீ எப்ப பார்த்தே அண்ணா?

– எதை?

– படத்தை.

– அதான்... வியாழக்கிழமைதான். டெஸ்ட் கொடுத்துட்டு வந்தேனா, மனசு ஒரு மாதிரி இருந்தது. சரி எங்கயாவது உட்காருவோம்னு உள்ள போயிட்டேன்.

– எந்த ஆட்டம்?

– காலை ஆட்டம். இல்லை, இல்லை, மதியம். ஏன், வாத்தியாரம்மா என்னையும் பெஞ்சு மேல ஏத்தப் போறீங்களா?

– விடையை மட்டும் எழுதினா முழு மார்க் போட மாட்டேன், அவ்வளவுதான். எப்படி வந்ததுன்னு காட்டணும். ரத்தம் எந்தக் கையில எடுத்தாங்க?

– இடது கை.

– எத்தனை குப்பி?

– ரெண்டு. மூணு இருக்கும். யாரு எண்ணினா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

– வலிச்சுதா?

– எறும்பு கடிச்ச மாதிரி. பாப்பா, நீ நம்பலையா என்னை?

– படத்தைச் சொல்லு. தம்பி பிழைச்சானா?

– பிழைச்சுத் தொலைச்சான். பிழைச்சு எழுந்து முதல் வேலையா என்ன பண்றான் தெரியுமா? அண்ணனோட சேர்ந்து பத்து நிமிஷம் சண்டை போடறான். அப்பதான் சாகக் கிடந்தவன், பல்டி அடிக்கறான். கடைசியில அந்தத் தலைவன் விடியப்போகுதுன்னு தெரிஞ்சும் ஓடாம நின்னு வசனம் பேசறான். வெயில் பட்டதும் சாம்பல். முந்நூறு வருஷம் வாழ்ந்தவனுக்கு மணி பார்க்கத் தெரியலை. டிக்கெட் எடுத்ததுக்கு அந்தப் பணத்துல ரெண்டு வாஷர் வாங்கியிருக்கலாம்.

– இவ்வளவு கேவலமான படத்தை ஏன் கடைசி வரைக்கும் பார்த்தே? பாதியில வந்திருக்கலாமே.

– வந்து எங்க போறது?

– அதைத்தான் கேட்கறேன்.

– ...உனக்கு இன்னிக்கு என்னாச்சு? வந்ததுலேருந்து ஊசி மாதிரி குத்தறே.

– ஊசி எனக்குத்தான் அண்ணா குத்தியிருக்கு. வாரத்துக்கு மூணு நாள், தடிமனா ரெண்டு. பக்கத்து பெட்ல இருந்தவர் போன மாசத்துலேருந்து வரலை. ஏன்னு நான் யாரையும் கேட்கலை. எனக்கு பயமா இருக்கு. நான் அதை வாய்விட்டுச் சொல்றேன். உன் படத்துல அந்த அண்ணன் பயப்படறானா?

– இல்லை. அதனாலதான் அது பொய்ப்படம்ங்கறேன்! பயப்படாம எப்படி இருக்க முடியும்? கத்தியை எடுக்கறப்போ கை நடுங்கணும். வீட்டுல இருக்கற முகம் எல்லாம் கண்ணு முன்னாடி வரணும். ‘நமக்கு ஏதாவது ஆயிட்டா’ன்னு ஒரு தடவை தோணணும். தம்பி மேல பாசம் இல்லாம இல்லை. பாசம் இருக்கும், பயமும் இருக்கும். அந்த மடையன் முகத்துல ஒண்ணுமே இல்லை, பாப்பா. பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. செருப்பைக் கழட்டி திரையில அடிக்கலாமான்னு இருந்தது.

– பயமா இருக்கு, என்னால முடியாதுன்னு அந்த அண்ணன் சொல்லியிருந்தா, தம்பி என்ன சொல்லியிருப்பான்?

– எனக்கெப்படித் தெரியும்? அவன்தான் சொல்லவே இல்லையே.

– சரி. நிஜமாவே நேத்து டாக்டர் உன்னைக் கூப்பிட்டாரா?

– எத்தனை தடவை சொல்றது? கூப்பிட்டார். பொருந்தலைன்னு சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிடுச்சு. தங்கச்சிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.

– போன புதன்கிழமை அண்ணி என் வீட்டுக்கு வந்தாங்க.

– யாரு, இவளா? என்கிட்ட சொல்லவே இல்லையே. எதுக்கு?

– ஒண்ணும் கேட்கலை. நீ ராத்திரியெல்லாம் தூங்காம கூடத்துல நடக்கறேன்னு சொல்லிட்டு, புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க போனதும் டாக்டரைக் கூப்பிட்டு உன் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை உனக்கு டெஸ்டே கிடையாது அண்ணா.

– பாப்பா...

– அன்னிக்குக் காலையில எட்டரைக்கே போய் மதியம் வரைக்கும் லேப் வாசல்லயே உட்கார்ந்திருந்தேன், நீ வந்ததும் ‘வேண்டாம், வீட்டுக்குப் போ’ன்னு சொல்லி அனுப்பறதுக்கு.