அறுபதின் சுருதி

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த தூறல் விட்டிருந்தது. கடற்காற்று வீசியும் புழுக்கம் குறையவில்லை. காரில் போகும்போது பேச்சுத்துணை இருந்தால் தூரம் தெரியாது என்பார்கள். நானும் அப்படி நினைப்பவன்தான். ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்திற்கு, வாரத்திற்கு இருமுறை, ஆறு ஆண்டுகள் நான் உட்கார்ந்து போன காரில் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேசி முடித்ததில்லை. அதன் எஞ்சின் அவ்வளவு இரைந்தது. நான் செய்ததற்குத் தொடக்கம் அதுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

கார் என் தங்கை மகேஸ்வரியின் கணவர் மணவாளனுடையது. 1992ஆம் ஆண்டின் டீசல் அம்பாசடர். சிதம்பரத்தில் அவருக்குப் பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை. அன்றாட வியாபாரத்தை அவருடைய தம்பி முறையான ஜெயசீலன் பார்த்துக்கொள்வார். செவ்வாயும் சனியும் மணவாளன் போய், வந்திறங்கிய சரக்கை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, விரிசல் உள்ளதைத் தள்ளிவைப்பார். அவர் தள்ளிய பாத்திரத்தை யாரும் மறுபடி சோதித்ததில்லை. அவர் தேறியது என்றால் தேறியதுதான். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒரு பொருட்டே அல்ல. அவருடைய காதுதான் கடை.

என் பெயர் கொளஞ்சியப்பன். அரசு அலுவலகமொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் வரைவெழுதி ஓய்வு பெற்றவன். "அவரு தனியா ஓட்டிக்கினு போறாருண்ணா, நீ சும்மா கூட ஒக்காந்துக்க" என்று தங்கை கேட்டுக்கொண்டதால் பக்கத்து இருக்கை என் பொறுப்பாயிற்று.

அந்தக் காரின் வேகமானி 2004இலேயே நின்றுவிட்டது. மணவாளன் அதைச் சரிசெய்யவில்லை. "வெண்கலத்துல மயிர் கனத்துக்கு விரிசல் இருந்தா கண்டுபுடிக்கிற காது மச்சான் இது. இதுக்கு ஒரு முள்ளு வந்து வேகம் சொல்லணுமா?" என்பார். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியதும் மெல்ல மிதிப்பார். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுருதியில் முனகத் தொடங்கியதும் தாமும் வாய்மூடி அதே சுருதியில் ஒருமுறை முனகி, "அறுபது" என்பார். அதிலிருந்து ஏறவும் விடமாட்டார், இறங்கவும் விடமாட்டார். அவருடைய மகள் ப்ரீத்தி பலமுறை செல்போனில் வைத்துப் பார்த்தாள். அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது. இது குடும்பத்தில் கல்யாணப் பந்திவரை பேசப்பட்ட செய்தி.

பின்சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. அதை டிஃபரன்ஷியல் என்பார்கள். அவருடைய காரில் இருந்ததில் சிறிய சக்கரத்திற்கு ஒன்பது பல், பெரியதற்கு நாற்பத்தொன்று. பதினொன்றும் நாற்பத்து மூன்றும் உள்ள பெட்டியை மாட்டினால், அதே வேகத்தில் எஞ்சின் ஏழில் ஒரு பங்கு குறைவாகச் சுழலும். இரைச்சல் குறையும், தேய்மானம் குறையும். இதை நான் மணவாளனிடம் மூன்று முறை, மரியாதையாக, ஒருமுறை எழுத்திலும் எடுத்துரைத்தேன்.

"கம்பெனிக்காரன் முட்டாளா மச்சான்? அவன் போட்ட பல்ல நீ எண்ணிக்கினு இருக்கிற" என்றார். ப்ரீத்தி சிரித்தாள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர்கள் குடும்பத்தோடு பெண்ணாடத்திற்கு ஓர் ஆடித் திருவிழாவிற்குப் போனார்கள். பிரேக் வேலைக்காகக் கார் ரஃபியுதீன் பட்டறையில் நின்றது. ரஃபியுதீன் இருபது ஆண்டுகளாக அந்தக் காரைத் தொட்டுவருபவர். நான் புதுச்சேரியில் பழைய இரும்புக் கடையொன்றில் வேறோர் அம்பாசடரின் பெட்டியைத் தேடிப்பிடித்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அவர்முன் வைத்தேன்.

"ஓனருக்குத் தெரியுமா சார்?"

"அவருக்குத் தெரியாமல் கொடுக்கும் பரிசு, பாய்."

"பரிசு சரி. மாமன் மச்சான் நடுவுல என்ன மாட்டி வுட்றாதீங்க." பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "ஒண்ணு சார். அவுரு காதுல ஓட்டுற ஆளு. பழைய சத்தம் வர வரைக்கும் மிதிப்பாரு. வண்டி ஜாஸ்தியா போவும். மறக்காம சொல்லிடுங்க."

சொல்வதாகச் சொன்னேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே, நான் முதலில் குறிப்பிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் புறப்பட்டோம். சிப்காட் தாண்டியது. மணவாளன் மிதித்தார். பழைய சுருதி வரும்வரை மிதித்தார். முனகினார், "அறுபது" என்றார். கார் எழுபதில் போய்க்கொண்டிருந்தது. இரைச்சல் இம்மியும் குறையவில்லை. இது எனக்கு ஏமாற்றம் அளித்ததாகச் சொல்ல முடியாது. காகித உறை ஒன்றின் பின்புறத்தில் நான் முன்பே கணக்குப் போட்டிருந்தேன்: அறுபது எழுபதாகும், பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இரண்டு விடைகளும் சரியாக வந்தன.

ஐம்பத்தெட்டு நிமிடத்தில் போகும் ஊருக்கு ஐம்பத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். "ரோட்டுல கூட்டமே இல்ல மச்சான்" என்றார் மணவாளன். ஆமோதித்தேன். அன்று கூட்டம் இல்லாதது உண்மை.

நான்காம் சனிக்கிழமை ப்ரீத்தி உடன் வந்தாள். ஆலப்பாக்கம் அருகே செல்போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, எழுபது காட்டுது" என்றாள்.

"ஒன் போனத் தூக்கிப் போடு."

அவள் என் செல்போனை வாங்கிப் பார்த்தாள். எழுபது. வண்டியை ஓரங்கட்டி மணவாளன் தம் செல்போனை அவளிடம் கொடுத்து, மறுபடி ஓட்டினார். எழுபத்தொன்று. பிறகு சிதம்பரம்வரை அவர் ஒருமுறைகூட முனகவில்லை.

அடுத்த வாரம் அவர் காது மருத்துவரிடம் போனார். நானும் போனேன், கூடப் போவதுதானே என் வேலை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, மணியோசை போல ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுச் சோதித்தார்கள். "அறுபத்தொரு வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பாத்ததில்லை" என்றார் மருத்துவர். வேறெவராயிருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். வெளியே வந்த மணவாளன் செருப்பை மாட்டாமலே நின்றார்.

"காது நல்லாருக்குதுன்னா, அப்ப உள்ள எங்கியோ போயிட்டுது மச்சான்" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நான் மறுத்திருக்கலாம். "வயது" என்று மட்டும் சொன்னேன். அறுபத்தொன்று என்பது ஒரு வயதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முறைப்படி இது முன்னரே வந்திருக்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தார் எனக்கு ஒரு வெண்கலக் குத்துவிளக்கு பரிசளித்தார்கள். அதை வீட்டில் உறவினர் பார்வைக்கு வைத்திருந்தபோது மணவாளன் சுண்டிப் பார்த்தார். "விரிசல் மச்சான். முப்பத்தாறு வருசம் எழுதிக் குடுத்தவனுக்கு ஓட்டை வெளக்கக் குடுத்து அனுப்பிட்டானுவோ" என்றார். இருபத்தேழு பேர் சிரித்தார்கள். அவர் சொன்னது தவறாயிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அடுத்த கார்த்திகையில் எண்ணெய் ஒழுகியது.

கடையில் நடந்ததை ஜெயசீலன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அண்ணன் ஒரே பானையை ஐந்து முறை சுண்டுகிறாராம். சுண்டிவிட்டு, "நீ கேளு, ஒனக்கு எப்படிக் கேக்குது?" என்கிறாராம். நல்ல பானைகள் இருபதைத் தள்ளிவிட்டாராம். தேறியது என்று அனுப்பிய அண்டா ஒன்று விரிசலோடு திரும்பி வந்ததாம். "அவுருக்கு என்னா சார் ஆச்சு?" என்று கேட்டார். காது நன்றாக இருப்பதாக மருத்துவர் எழுத்துப்பூர்வமாகச் சான்றளித்திருப்பதைத் தெரிவித்தேன்.

அக்டோபர் 14, சனிக்கிழமை, புதுச்சத்திரம் திருப்பம். செல்போனைப் பார்த்து ஓட்ட மனமில்லாமல் மணவாளன் அப்போதும் பழைய சுருதியிலேயே மிதித்துவந்தார். மீன் கூடைகளைக் கட்டிய மொபெட்டில் ஒரு பெண் சாலையைக் கடந்தாள். செல்லாயி என்று பெயர். மணவாளன் வழக்கமாக மிதிக்கும் இடத்தில்தான் பிரேக்கை மிதித்தார். கார் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. பின்கூடையில் இடித்து நின்றது. செல்லாயிக்குச் சிராய்ப்புகூட இல்லை. மீன்கள் ஏற்கெனவே இறந்தவை.

"கண்ணு என்னா பொடனியில இருக்குதா? இன்னா வேகத்துல வர?"

"அறுபதுலதாம்மா வந்தேன்" என்றார் மணவாளன்.

"அறுபது ஒன் வயசு. நான் வேகத்தக் கேட்டேன்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் குனிந்து, சாலையில் கிடந்த வஞ்சிரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வேட்டி முனையால் மண் துடைத்துக் கூடையில் வைத்தார். செல்லாயியே கடைசியில், "வுடு பெரியவரே, நான் பாத்துக்குறேன்" என்றாள். அறுபது கிலோமீட்டரில் வந்திருந்தால் கூடைக்குப் பதினைந்து முழம் முன்பாகவே நின்றிருக்கும். அங்கே அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். மீன் பொறுக்க நானும் உதவினேன்.

மறுநாள் காலை அவர் என் வீட்டிற்கு வந்தார். இனிக் கார் ஓட்டுவதில்லை; கடையை முழுவதும் ஜெயசீலனிடம் ஒப்படைத்துவிடுவது; காரை நான் எடுத்துக்கொள்வது. இவற்றை எழுதித் தரும்படி கேட்டார். "ஒன்ன மாதிரி தப்பில்லாம எழுத யாரு இருக்குறாங்க மச்சான்?" என்றார். ஆறு ஆண்டுகளில் அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

எழுதினேன். "காது கெட்டுவிட்டதால்" என்று போடச் சொன்னார். மருத்துவச் சான்றுக்கு அது முரண் என்பதால், "காதின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை நீங்கிவிட்டதால்" என்று திருத்தினேன். அவர் இருமுறை படித்தார். பேனாவைத் திறந்து, தாளின் மேல் வைத்து, எடுத்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மச்சான். நீதான் கூடவே இருந்த. கோளாறு எங்கிட்டயா, வண்டிலயா? வண்டிலன்னு நீ சொன்னா இத இப்பவே கிழிச்சிர்றேன்."

நான் கேள்வியை ஆராய்ந்தேன். பிரேக் புதிது. எஞ்சினில் புகை இல்லை. பின் அச்சில் ஒலி இல்லை. ரஃபியுதீன் மிக நேர்த்தியாகப் பொருத்தியிருந்தார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல மாப்ள" என்றேன்.

அவர் தலையசைத்தார். கையொப்பமிட்டு, மை உலர வாயால் ஊதி, இரண்டு கைகளாலும் தாளை என்னிடம் கொடுத்தார். ஒருமுறை படித்துப் பார்த்தேன். முப்பத்தாறு ஆண்டுப் பணியில் பொய்யான வரி ஒன்றுகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை; அந்தத் தாளிலும் இல்லை.