சனிக்கிழமைக்கு ஒரு பெட்டி தோட்டா

இல்ல தம்பி, துப்பாக்கி சேஃபுக்குள்ளதான் இருக்கு, கால் முளைச்சு எங்கயும் ஓடிறாது. முதல்ல டீயக் குடிங்க. ஊரோட அந்தக் கோடி ஹாப்சன்வில்ல இருந்து இந்தக் கோடி பாட்டனி டவுன்ஸ் வரைக்கும் சனிக்கிழமை டிராஃபிக்ல வந்திருக்கீங்க, வந்தவுடனே சாமானக் காட்டி அனுப்பிவிட்டா நல்லாவா இருக்கும்? சர்க்கரை ஒரு ஸ்பூன்தான் போட்டேன், பத்தலைன்னா கேளுங்க. முறுக்கு கடையில வாங்குனதுதான், பயப்படாம எடுங்க.

அப்பிடியே உங்க லைசன்ஸ் கார்டக் குடுங்க, ஒரு பார்வை பாத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க, கார்டு பாக்காம யாருக்கும் விக்கக் கூடாது. வெற்றி. நல்ல பேரு. போட்டோவுல மீசை இருக்கு, இப்பக் காணோம். வீட்டம்மா எடுக்கச் சொன்னாங்களா? ம்ம், அதான பாத்தேன். உங்களோடது புதுசு, முதல் தடவை அஞ்சு வருசந்தான் குடுப்பாங்க, இன்னும் நாலு வருசத்துக்குக் கவலை இல்ல. என்னோடது அடுத்த மாசம் இருவதாந் தேதியோட முடியுது. பத்து வருசம் ஓடியே போச்சு. அதுக்குள்ள புதுப்பிக்க எழுதிப் போடலைன்னா இருக்கிற நாலு துப்பாக்கியையும் கொண்டுபோயி ஒப்படைச்சுட்டு, கைய வீசிட்டு வர வேண்டியதுதான். அது கெடக்கட்டும், அப்புறம் பேசுவோம்.

ஏன் விக்கிறீங்கன்னு கேட்டீங்கள்ல. விளம்பரத்துல போட்டிருந்தது நெசந்தான், குறைக்கிறேன். ஒத்த ஆளு, நாலு துப்பாக்கி, நாலு அளவு தோட்டா. முயலுக்கு டுவென்டி டூ. வாத்துக்கு ஷாட்கன். ஆட்டுக்கும் சின்ன மானுக்கும் நீங்க கேட்டு வந்த டூ ஃபோர் த்ரீ. பெரிய மானுக்கு த்ரீ ஓ எயிட். ஒண்ணோட தோட்டா இன்னொண்ணுக்கு ஆகாது. நெட்டுல போயிப் பாருங்க, இதுக்குன்னே ஒரு சண்டை நடக்குது. ஒரே கேலிபர், அதான் ஒரே அளவு, வச்சுக்க, மொத்தமா வாங்கிப் போட்டா விலையும் குறையும், மாத்தி எடுத்துட்டுப் போற வம்பும் இல்லைங்குறான் ஒருத்தன். எலி வேட்டைக்குத் தவிலாங்குறான் இன்னொருத்தன். முயலப் போயி மான் தோட்டாவால சுட்டா கறி எங்க மிஞ்சும்? ரெண்டு பேரு சொல்றதும் ஞாயந்தான்.

என்னையக் கேட்டா? சிரிக்கக் கூடாது. ரிட்டையர் ஆகுற வரைக்கும் நானும் நாலு வச்சிருக்கிறது வெட்டிச் செலவுன்னுதான் நெனச்சேன். அதுக்கப்புறந்தான் அதோட அருமை தெரிஞ்சுச்சு. பென்ரோஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடை இருக்கு. மாசத்துல நாலு சனிக்கிழமை. முதல் சனிக்கிழமை டுவென்டி டூ ஒரு பெட்டி, அடுத்த சனிக்கிழமை ஷாட்கன்னுக்கு ஒரு பெட்டி, இப்பிடி ஒவ்வொண்ணா. ஒரே நாள்ல நாலையும் வாங்கலாம்தான். வாங்கிட்டா மிச்ச மூணு சனிக்கிழமைக்கு நான் எங்க போறது? கடையில ஒரு பையன் நிப்பான், இன்னைக்கு என்ன வேணும்னு கேப்பான், நான் சொல்லுவேன், மழை வரும்போல இருக்குன்னுவான், ஆமாம்பேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரத்துக்கு அது போதும் எனக்கு.

ரேஞ்சா? சுட்டுப் பழகுற எடந்தான, போறேனே. இருவது பேரு வரிசையா நிப்பாங்க, அத்தன பேரும் காதுல மூடி மாட்டியிருப்பாங்க. அங்க யாரு யாரோட பேச?

இருங்க, உங்க போன் அடிக்குது. எடுங்க எடுங்க, வீடுதான? பேசுங்க, நான் அடுப்படில இருக்கேன்.

பேசிட்டீங்களா? வீட்டம்மா பேரு மஹதியா, நல்ல பேரு. எப்ப வருவீங்கன்னு கேட்டாங்களா? கேக்கட்டும் தம்பி. கேக்குறப்ப எரிச்சலாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு.

என்ன சொல்ல வந்தேன்... ஆங், கிளமென்ட். ஈப்போக்காரரு, அந்த ஊருப் பேச்சுல வார்த்தைக்கு வார்த்தை லா போடுவாரு. பென்ரோஸ்ல ஒரே வேர்ஹவுஸ்ல பதினாறு வருசம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனோம். இந்தப் பழக்கமே அவரு குடுத்ததுதான். நான் சாத்தூர்க்காரன், வெடிச் சத்தம் ஒண்ணும் எனக்குப் புதுசில்ல, ஆனா துப்பாக்கியத் தொட்டது கூடக் கிடையாது. அவருதான் வா வான்னு இழுத்துட்டுப் போனாரு. ஒரு தடவை கைமனாவா மலைக்குப் போனோம். ஆறு மணி நேரம் ஏறி, மேல போயிப் பையத் தொறந்து பாத்தா, த்ரீ ஓ எயிட் தோட்டாவுக்குப் பதிலா டூ ஃபோர் த்ரீ பெட்டிய எடுத்துட்டு வந்திருக்கேன். கழுதைக்கு வாக்கப்பட்டா உதைக்குப் பயப்படலாமா, திட்டு வாங்கத் தயாராத்தான் நின்னேன். மனுசன் திட்டவே இல்ல. அவருகிட்ட இருந்ததும் த்ரீ ஓ எயிட். தன் பெட்டியில இருந்து பாதியக் கொட்டி, எடுத்துக்கலா மகேசு, ஒரே சைஸ்தானலான்னாரு.

அன்னைக்குப் புரிஞ்சுச்சு எனக்கு. ஒரே கேலிபர் வச்சுக்கோன்னு சொல்றதுல ஒரு நல்லது இருக்கு, ஆனா அது தனியாளுக்கு இல்ல. கூட ஒரு ஆளு வரணும், அவங்கிட்டயும் அதே இருக்கணும். தனியாப் போறவன் ஒண்ணு வச்சிருந்தா என்ன, ஒம்பது வச்சிருந்தா என்ன?

அவரு இப்பப் பெர்த்துல, மகள் வீட்டுல. போன மாசம் போன் போட்டேன். மகேசன் பேசுறேன்னேன். எந்த மகேசன்னாரு. பென்ரோஸுன்னேன், ஃபோர்க்லிஃப்டுன்னேன், ம்ஹூம். த்ரீ ஓ எயிட்னேன் பாருங்க, உடனே, ரெண்டு பெட்டி கூட எடுத்துக்கலா, மலையில குளிரும்னாரு. தோட்டா ஞாபகம் இருக்கு மனுசனுக்கு. என்னைய ஞாபகம் இல்ல. போன வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன் தம்பி, சொல்றதுக்கென்ன வெக்கம்.

துப்பாக்கியா? காட்டுறேன், காட்டுறேன். எடுக்க நேரமாகும். துப்பாக்கி ஒரு எடம், அதுல இருந்து கழட்டுன போல்ட்டு ஒரு எடம், தோட்டா ஒரு எடம். சாவி எங்க இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியணும். ரத்னா, என் வீட்டுக்காரி, அவகிட்ட கூடச் சொல்லக் கூடாது, அவளுக்கு லைசன்ஸ் இல்லைல்ல. தாலி கட்டுனவகிட்டச் சொல்ல முடியாத சாவி என்ன சாவின்னு பத்து நாள் முறுக்கிக்கிட்டு இருந்தா. அவ போயி மூணு வருசமாச்சு. நான் இன்னமும் ஒளிச்சுத்தான் வைக்கிறேன். யாருகிட்ட இருந்துன்னு கேளுங்க.

நீங்க வாங்க வந்திருக்கிறது அவளுக்காக வாங்குனது. டூ ஃபோர் த்ரீ தோளுல அவ்வளவா உதைக்காது, நானும் பக்கத்துலயே நிப்பேன், ஒருநாளாவது வாயேன்னு கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். ஒரே ஒரு தடவை சுட்டா. குண்டு அவ குறி அட்டைய விட்டுட்டுப் பக்கத்து ஆளோட அட்டையில போயி, அதுவும் நட்ட நடுவுல பட்டுச்சு. அந்த வெள்ளக்காரரு கை தட்டுனாரு. போதும்ப்பா சாமின்னு கீழ வச்சவதான், அப்புறம் தொடல. அந்தப் பெட்டியில மிச்சம் பத்தொம்பது அப்பிடியே இருக்கு. துப்பாக்கியத் தர்றேன், அந்தப் பெட்டிய மட்டும் கேக்காதீங்க.

போன தடவை லைசன்ஸ் எடுக்குறப்ப நடந்த கூத்தக் கேளுங்க. வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்கள்ல, உங்களுக்கும் வந்திருப்பாங்க. போலீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. என்னையத் தோட்டத்துல நிக்கச் சொல்லிட்டு, ரத்னாவ அடுப்படியில தனியா வச்சு, உங்க வீட்டுக்காரரு எப்பிடின்னு கேட்டிருக்காங்க. இவ என்ன சொன்னாங்கிறீங்க? ஹீ இஸ் வெரி ஆங்ரி மேன், கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுன்னுட்டா! அந்தம்மா எழுதிட்டு இருந்த பேனாவக் கீழ வச்சுட்டாங்களாம். அடிப்பாரான்னு கேட்டிருக்காங்க. அய்யய்யோ, இவரா, இவரு சாக்ஸக் கூட நாந்தான் தேடிக் குடுக்கணும், சாம்பார்ல உப்பு இல்லைன்னா பேசாம எந்திரிச்சுப் போவாரு, அதத்தான் சொன்னேன்னு பதறிருக்கா. என்ன சொல்றாளோன்னு நான் வெளிய வேர்த்து நிக்கிறேன், உள்ள ரெண்டும் சிரிக்குதுக. அந்தம்மா போனப்புறம், ஏண்டி இப்பிடி மாட்டிவிட்டேன்னு கேட்டேன். பின்ன, வெளியாளுகிட்டப் புருசன நல்லவருன்னா சொல்லுவாங்க, கண்ணு பட்டுறாதான்னா.

இப்ப அதே கேள்விய யாருகிட்டக் கேப்பாங்க? சொந்தத்துல ஒருத்தரக் குடுக்கணும், ரத்னாவோட தங்கச்சி மாலினி ஹாமில்டன்ல இருக்கா, அவ சரின்னுட்டா. சொந்தமில்லாத ஆளு ஒருத்தரு வேணும், நம்மளத் தெரிஞ்சவரா. அங்கதான் நிக்குது வண்டி. கடைப் பையன்கிட்டக் கேட்டேன், கஸ்டமருக்குச் சாட்சி சொல்லக் கூடாதுன்னு கடையில ரூலாம். ரேஞ்சுல நான் நாலாம் நம்பர் எடத்துல நிக்கிற ஆளு, என் பேரு கூட அங்க யாருக்கும் தெரியாது. கோயில்ல சுப்பிரமணியன்னு ஒருத்தரு, நல்ல மனுசன், கேட்டேன். துப்பாக்கியா, போலீஸ் போன் பண்ணுமா, சார் எனக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் வரலன்னு பிரசாதத்தக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது, நம்மாளுக போலீஸுன்னாலே ஒதுங்கித்தான் போவாங்க. நானே கோயில் பக்கம் எட்டிப் பாத்து மூணு வருசமாகுது, எந்த உரிமையில போயிக் கேக்குறது?

தனியா இருக்குறவனுக்குத் துப்பாக்கி எதுக்குன்னு நீங்க நெனைக்கலாம். கேக்கலைன்னாலும் சொல்லிர்றேன். அந்த மாதிரி நெனப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்ல, சத்தியமா. டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்கேன். லைசன்ஸ் போச்சுன்னா கடை போச்சு, ரேஞ்சு போச்சு, சனிக்கிழமை போச்சு. எல்லா நாளும் திங்கக்கிழமை மாதிரி ஆயிரும், அதுக்குத்தான் பயப்படுறேன்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், மனசுல வச்சுக்க முடியல. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு இதக் கேட்டாங்க. வித்துப்போச்சுன்னுட்டேன். வெற்றின்னு தமிழ்ப் பேரப் பாத்ததுந்தான், இருக்கு, வாங்கன்னேன்.

அந்த லைசன்ஸ் கம்ப்யூட்டர் ஃபார்ம்ல, சொந்தமில்லாத அந்த ஆளு பேரப் போடாம அடுத்த பக்கம் போக விடமாட்டேங்குது. புள்ளி வச்சுப் பாத்தேன், கோடு போட்டுப் பாத்தேன், ம்ஹூம். போன வியாழக்கிழமை, நீங்க போன் பேசி வச்சப்புறம், சும்மா உங்க பேரையும் நம்பரையும் அடிச்சுப் பாத்தேன். டக்குன்னு அடுத்த பக்கம் தொறந்துருச்சு. அதப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் பயந்துபோயி அழிச்சுட்டேன்.

இல்ல, இல்ல, உக்காருங்க. உங்க பேரப் போட விடுங்கன்னுதான் கேக்குறேன், பொய் சொல்லச் சொல்லல. தேதிக்குள்ள எழுதிப் போட்டுட்டா அதுவரைக்கும் பழைய லைசன்சே ஓடும், அவங்க உங்களக் கூப்பிட எப்பிடியும் ரெண்டு மாசம் ஆகும். எட்டு சனிக்கிழமை இருக்கு. வாங்க, ரேஞ்சுக்குப் போவோம், வந்து டீ குடிப்போம், மஹதியையும் கூட்டிட்டு வாங்க. எத்தன நாளாத் தெரியும்னு கேட்டா, எட்டு சனிக்கிழமையாத் தெரியும்னே சொல்லுங்க. இந்தாளு சரியில்லைன்னு தோணுச்சுன்னா அதையே சொல்லுங்க, நானே நாலையும் கொண்டுபோயிக் குடுத்துர்றேன்.

அப்பிடித் தோணலைன்னா, நல்லவரு வல்லவருன்னெல்லாம் சொல்ல வேணாம் தம்பி. பெரிய கோவக்காரரு, சாம்பார்ல உப்பு இல்லைன்னா பேச மாட்டாருன்னு சொல்லுங்க. பேனாவக் கீழ வச்சாங்கன்னா பயப்படாதீங்க.