கம்பி இறுக்கும் ஞாயிறு

கேழ்வரகுக் கூழ் கட்டி தட்டாமல் வரவேண்டுமென்றால் மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட வேண்டும், டாக்டரம்மா. அரிசி நொய் நன்றாகக் குழைந்த பிறகுதான் மாவை ஊற்ற வேண்டும். ஊற்றினால் கிண்டுகிற கையை நிறுத்தக் கூடாது. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறவள் நான். அங்கே உப்பு கூடும், உறைப்பு குறையும். என் மகள் ஷைனிக்கு வைக்கிற கூழ் மட்டும் ஒரு நாளும் தப்பினதில்லை. நீங்கள் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "வீட்ல என்னதாம்மா நடக்குது? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். எல்லாம் கூழில்தான் ஆரம்பித்தது, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ஷைனிக்குச் சின்ன வயதிலிருந்தே மேல்வரிசையில் தெத்துப்பல். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது, அவளுக்குத்தான் ஆகவில்லை. கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்து, கழுத்தில் மாட்டுகிற அட்டைக்குப் படம் பிடிக்கும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த அட்டையில் காய்ச்சல்காரி மாதிரி இருப்பாள். சோழவரத்து ராபினுக்கு அவளைப் பேசி முடித்தபோது ஒரே பிடியாக நின்றாள்.

"பல்லு நேரானாதாம்மா கல்யாணம். போட்டோல நானு நல்லா சிரிக்கணும். கிளிப்ப கழட்டிட்டு வந்து சர்ச்சுல ஓலை படிக்கச் சொல்லிக்கலாம்" என்றாள்.

எங்கள் சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால்தான் தாலி. ஆகக் கிளிப் கழன்றால் ஓலை, ஓலை முடிந்தால் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் அவள் சோழவரம். சோழவரம் என்ன சீமையா, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகுமா என்பீர்கள். ராபினும் அதைத்தான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவள் அப்பா யேசுதாஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதிலும் நான் விடியுமுன் கேன்டீன் வேனில் ஏறுகிறவள். அவள் இரண்டாவது ஷிப்டுக்குப் போய், நான் படுத்த பிறகு வருகிறவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி தூங்கும்போதுதான் பார்ப்போம். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே துவைக்கிற துணியில்தான் தெரியும்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள், மகராசி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி பஜாருக்கு. முதல் தடவை நீங்கள் பல்லில் கிளிப் மாட்டிக் கம்பியை இறுக்கி அனுப்பிய அன்று சாயங்காலம் ஷைனி சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ம்மா, ஒண்ணும் மெல்ல முடில. இட்லி கூட வலிக்குதும்மா. பேஜாரா கீது."

"மெல்லாத கண்ணு. வாயத் தொற, நான் ஊத்தறேன். அப்டியே முழுங்கு."

கூழை ஆற்றி, மோர் விட்டுக் கரைத்து, கரண்டியால் ஊட்டினேன். குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், போதும்மா என்றாள், இன்னும் ஒண்ணே ஒண்ணு என்றேன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, டாக்டரம்மா. வலியில் இருக்கிற பிள்ளைக்கு எதிரில் சிரிக்கலாமா? அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அங்கே நின்று ஆசைதீரச் சிரித்தேன்.

அன்றிலிருந்து உங்கள் ஞாயிறுதான் எனக்குத் திருநாள். கிறிஸ்துமஸுக்குக்கூட நான் அப்படித் தலைகால் புரியாமல் திரிந்ததில்லை. சனிக்கிழமையே நொய் உடைத்து வைப்பேன். பருப்பு கடைந்த சாதம், பரங்கிக்காய்க் குழைவு, பால் விட்ட சேமியா என்று யோசித்து யோசித்து வைப்பேன். கேன்டீனில் பாட்டுப் பாடிக்கொண்டே கோஸ் நறுக்குவேன். கூட வேலை செய்கிற லோகு, "இன்னாக்கா, லாட்டரி எதுனா அடிச்சிச்சா?" என்று கிண்டல் பண்ணுவாள். என் பிள்ளைக்குக் கம்பி இறுக்கப் போகிறார்கள் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிறு நீங்கள் குண்டைத் தூக்கிப் போட்டீர்கள். "சூப்பரா செட்டாகுது ஷைனி, இன்னும் ரெண்டு மூணு மாசத்துல கழட்டிடலாம்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? என் பக்கம் திரும்பி, கெட்டியான எதையும் கொடுக்காதீர்கள், கடித்தால் பல்லில் ஒட்டியிருக்கிற பிராக்கெட் பிய்ந்து வந்துவிடும், பிய்ந்தால் வேலை தள்ளிப்போகும் என்றீர்கள். கடலை மிட்டாய், முறுக்கு, கரும்பு, எலும்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பழவேற்காட்டு நண்டு வாங்கினேன். ஷைனிக்கு நண்டு என்றால் உயிர். நானே ஓட்டை உடைத்துத் தருகிறேன், நீ சதையை மட்டும் சாப்பிடு என்று சொன்னேன். பாதி ஓட்டைத்தான் உடைத்தேன். அந்த வாரமே ஒரு பிராக்கெட் கையோடு வந்தது. நீங்கள் திரும்ப ஒட்டினீர்கள், திரும்ப இறுக்கினீர்கள், நான் திரும்பக் கூழ் வைத்தேன். அதற்கப்புறம் கடலை உருண்டை. பொங்கலுக்குக் கரும்பைத் துண்டு துண்டாகத்தான் நறுக்கிக் கொடுத்தேன், ஆனால் கணுவை எடுக்கவில்லை. ஷைனி உஷாராகிவிட்டாள்.

"உன் பாசம் என் பல்லுக்கு ஆவாதும்மா. இனிமே எனக்கு வெறும் சோறு போடு, போதும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

வெறும் சோறுதான் போட்டேன். சோற்றில் கல் கிடப்பது உலகத்தில் நடக்காததா? இத்தனை வருடம் அரிசியில் கல் பொறுக்கினவளுக்கு ஒரு கல்லை எந்தக் கவளத்தில் வைப்பது என்றும் தெரியும்.

இதற்கு நடுவில் நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவள் பல்லுக்காக உபவாசம் இருந்தேன். பெண்கள் கூட்டத்தில் நானே எழுந்து நின்று விண்ணப்பம் வைத்தேன். எங்கள் தெருவில் இருக்கும் சின்னப்பொண்ணு அக்கா உருகி உருகி ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தப் புள்ளையோட கம்பிய ஒண்ணும் ஆவாம காத்துக்கினு வாரும் சாமி" என்று அவர் கண்ணீர் விட, கூட்டமே கூட அழுதது. ஆமென் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நான். மனதாரத்தான் சொன்னேன். அடுத்த வாரம் ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் பாயசமும் கஞ்சியுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஷைனிக்கு நான்தான் ஊட்டுவேன் என்று அத்தனையையும் வாங்கி, அவர்கள் தெரு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ராபின் பொறுமைசாலி. எப்போது வந்தாலும் அவளுக்கு மெல்ல வேண்டாத பண்டமாகப் பார்த்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வருவான். இரண்டு மூன்று மாதம் என்றது இரண்டு வருடத்தைத் தாண்டியதும், ஒரு நாள் அவன் பொறுமையும் போய்விட்டது.

"அத்தே, எனக்குப் பல்லுலாம் ஒரு மேட்டரே இல்ல. கிளிப்போடவே கட்டிக்கினு போறேன். வர்ற ஞாயித்துக்கிழம ஓலை குடுத்துரலாமா?" என்றான்.

ஷைனி அவனைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டு சொவத்துல காலம் பூரா தொங்கப்போற போட்டோ கண்ணு. நாளைக்கு உன் புள்ளைங்க பாத்து, இன்னாம்மா வாயில இரும்புன்னு கேட்டா இன்னா சொல்லுவ? இவ்ளோ நாளு பொறுத்துட்ட" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ராபின் போன பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நானு பாதியிலயே உட்டுட்டிருப்பேம்மா" என்றாள். அன்று அவளுக்கு முட்டை அடித்துப் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

கடைசியாக அந்த மெழுகு. கம்பி முனை கன்னத்தில் குத்தினால் உருட்டி வைக்கச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தீர்களே, அது. அவளுக்குக் கண்ணாடியைப் பார்த்து வைக்க வராது. கேன்டீனில் சொல்லி நானும் மத்தியான வேலைக்கு மாறியிருந்தேன், அதனால் காலையில் நாஷ்டா முடிந்ததும் நான்தான் வைத்துவிடுவேன். இடது கையால் உதட்டைத் தூக்கிப் பிடிப்பேன். வலது கையில் மெழுகும் இருக்கும், ஒரு சின்ன ஸ்பூனும் இருக்கும். ஸ்பூன் காம்பைப் பிராக்கெட்டுக்கு அடியில் கொடுத்துக் கொஞ்சம் நெம்பினால் போதும், இரண்டு நாளில் தானாக ஆடி விழுந்துவிடும்.

"ம்மா, வலிக்குது."

"கம்னு இரு கண்ணு. தோ, முடிஞ்சிடுச்சி."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக வாயைத் திறப்பாள். பிராக்கெட்டோடு பல்லும் சேர்ந்து அசைவதை விரலில் நான் உணர்ந்திருக்கிறேன். கம்பி போட்டால் பல் அசையத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

இன்றைக்கு நீங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். முன்பல் இரண்டிலும் வேர் கரைந்து பாதிதான் மிச்சம் என்றீர்கள். கம்பி இத்தனை வருடம் இழுப்பதும் விடுவதுமாக இருந்தால் சிலருக்கு அப்படி ஆகிவிடுமாம். அது எனக்குத் தெரியாது, ஆண்டவர் சாட்சி. "இனி ஒரு நாள் கூட இருக்கக் கூடாது, கம்பியை இன்னைக்கே எடுக்கணும்" என்றீர்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் காது அடைத்தது. வேரைச் சொன்னபோது இல்லை.

ஆமாம், டாக்டரம்மா. நண்டு நான்தான், கல் நான்தான், ஸ்பூனும் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அடித்தேனா, பட்டினி போட்டேனா? வெளியே உட்கார்ந்திருப்பவளைப் பாருங்கள், கன்னம் எப்படிப் பூசினாற்போல் இருக்கிறது. ஊரில் எந்தத் தாய் கல்யாண வயதுப் பெண்ணுக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடுகிறாள்? அவளிடம் சொல்லத்தான் வேண்டும் என்றால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நம்பமாட்டாள். எங்கம்மாவா என்று சிரிப்பாள், அப்புறம் உங்கள் மேல்தான் கோபப்படுவாள்.

அந்த இரண்டு பல்லும் நிற்காது, எடுத்துவிட்டுச் செயற்கைப் பல்தான் பொருத்த வேண்டியிருக்கும் என்றீர்கள். புண் ஆற வேண்டும், எலும்பு வளர வேண்டும், ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை எதையும் கடிக்கக் கூடாது என்றீர்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பியைத் தாராளமாகக் கழற்றுங்கள். ராபினிடம் நான் பேசிக்கொள்கிறேன், பல் இல்லாத வாயோடு அவளும் போட்டோவுக்கு நிற்கமாட்டாள். பல்லை எடுக்கும்போது மட்டும் என்னை வெளியே அனுப்பிவிடாதீர்கள். என் பிள்ளை ஒரு சின்ன வலியைக்கூடத் தாங்கமாட்டாள், டாக்டரம்மா, பெற்றவள் எனக்குத் தெரியாதா?