பாக்கலாமுங்க

கருமத்தம்பட்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். ஓர் இளம்பெண்ணும் அவளைவிடச் சற்று மூத்த ஒருவரும். இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸ் ஐடி கார்டு.

“மேனேஜரு கேட்ட வேலைய முடியாதுன்னு தெளிவாத்தானுங்கண்ணா சொன்னேன். அதையே இந்த ரெண்டு வார ஸ்பிரிண்ட்டுக்கு மொத வேலையாப் போட்டு என் தலையில கட்டிட்டாரு.”

“மீட்டிங்ல என்னன்னு சொன்னே கண்ணு?”

“பாக்கலாமுங்கன்னேன்.”

“நம்ம பக்கம் மரியாதையா முடியாதுங்கறதுக்குத்தான் அப்படிச் சொல்லுவோம். மேனேஜரு சென்னைக்காரரு. அவருக்கு அது சரிங்கற மாதிரி.”

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, என் நிச்சயத்துக்கு லீவு கேட்டப்ப அவரு பாக்கலாம்னாரே, அது சரின்னுங்களா?”

“சரின்னுதான் இருக்கும். நீ என்ன பண்ணுனே?”

“லீவு இல்லீன்னு நெனச்சு, நிச்சயத்தைத் தள்ளி வெக்கச் சொல்லிப்போட்டனுங்க.”

“மாப்பிள்ளை ஊட்ல என்ன சொன்னாங்க?”

“பாக்கலாமுங்கன்னாங்க.”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “அவங்க எந்த ஊரு?”

“ஈரோடுங்கண்ணா.”

“இப்பவே போன் போடு கண்ணு.”